எங்களைக் காத்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்

2022 மார்ச்சில் உக்ரைன் போரிலிருந்து தப்பிச் சென்னை விமான நிலையத்தில் இறங்கிய எங்களிடம் எல்லோரும் குண்டைப் பற்றியே கேட்டார்கள். எவ்வளவு பக்கத்தில் விழுந்தது, என்ன சத்தம் வந்தது, என்ன சாப்பிட்டீர்கள். சாத்தூரில் எங்கள் தெருவே திண்ணையில் வந்து உட்கார்ந்து அதைத்தான் கேட்டது. கார்கிவ் எப்படிப்பட்ட ஊர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்கவில்லை. செய்திகளில் நாங்கள் மீட்கப்பட்ட மாணவர்கள். இந்திய அரசின் ‘ஆபரேஷன் கங்கா’ மீட்புப் பணியில் 22,000 பேருக்கு மேல் நாடு திரும்பினோம். அந்தக் கணக்கு உண்மை, அதற்கு என் நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் விமானம் வந்து நின்ற இடம் வரைக்கும் எங்களை உயிரோடு கொண்டுவந்து சேர்த்தவர்கள் எந்தக் கணக்கிலும் வரவில்லை. அவர்களைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நான் கார்கிவ் போய்ச் சேர்ந்தது 2021 டிசம்பரில். அந்த ஆண்டு நீட் முடிவு வந்ததே நவம்பரில்தான். அரசுக் கல்லூரிக்கு மதிப்பெண் போதவில்லை. தனியார் கல்லூரி கேட்ட பணத்தை அப்பா ஆயுள் முழுக்கப் பேருந்தில் டிக்கெட் கிழித்தாலும் கட்ட முடியாது. உக்ரைனில் ஆண்டுக்கு மூன்று, மூன்றரை லட்சத்தில் படித்துவிடலாம் என்றார்கள். அப்பா கடன் வாங்கினார். அம்மா தன் வளையலைக் கழற்றியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

கார்கிவ் உக்ரைனின் இரண்டாவது பெரிய நகரம். அப்போது 14 லட்சம் பேர் அங்கே வாழ்ந்தார்கள். ரஷ்ய எல்லை நாற்பது கிலோமீட்டருக்குள். 1804இல் தொடங்கிய பல்கலைக்கழகம் ஒன்று, அதைச் சுற்றி மருத்துவம், பொறியியல், சட்டம் என்று ஏகப்பட்ட கல்லூரிகள். நைஜீரியாவிலிருந்தும் மொராக்கோவிலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த பிள்ளைகள் ஒரே பேருந்து நிறுத்தத்தில் குளிரில் கால்மாற்றிக்கொண்டு நிற்பார்கள். மூன்றரை மணி தாண்டினால் இருட்டிவிடும். பனி விழுந்தால் அழகு என்று படங்களில் பார்த்திருந்தேன். விழுந்த பனி இறுகிக் கண்ணாடியாகி, அதன்மேல் நடந்து கல்லூரிக்குப் போகவேண்டும் என்பதைப் படங்கள் காட்டியதில்லை.

எங்கள் விடுதி வாசலில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். எழுபதை நெருங்கும் வயது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி, மேசைமேல் குறுக்கெழுத்துப் புத்தகம், பக்கத்தில் மூடிபோட்ட தேநீர்க் கோப்பை. உள்ளே வரும் ஒவ்வொருவரின் அடையாள அட்டையையும் பார்த்துத்தான் விடுவார். முதல் வாரம் நான் தொப்பி போடாமல் வெளியே கிளம்பியபோது எழுந்து வந்து வழியை மறித்துக்கொண்டார். அவர் பேசியது எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. என் காதுகளைத் தன் இரண்டு கையாலும் பொத்திக் காட்டினார். அந்தக் கைகளில் வெங்காயமும் சோப்பும் கலந்த வாசனை. எங்கள் சீனியர் அக்கா படியிலிருந்து கத்தினாள்: “தொப்பி போட்டுட்டுப் போ பாப்பா, இல்லன்னா அவங்க விடவே மாட்டாங்க.” நாங்கள் தமிழிலேயே ‘பாட்டி’ என்று கூப்பிட்டோம். சில நாளில் அதற்கே திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்.

சிம் கார்டு, குடியிருப்பு அட்டை, மருத்துவப் பரிசோதனை, அதற்கு முத்திரை, முத்திரைக்கு இன்னொரு முத்திரை என்று முதல் சில வாரங்கள் ஓடிப்போயின. நின்று நினைத்துப் பார்க்கிற இடம் சந்தைதான். பரபாஷோவா சந்தை. மிகோலா பரபாஷோவ் என்ற வானியல் அறிஞரின் பெயர் முதலில் மெட்ரோ நிலையத்துக்கு வந்து, பிறகு அதை ஒட்டிய சந்தைக்கும் ஒட்டிக்கொண்டது. நிலாவையும் செவ்வாயையும் ஆராய்ந்த மனிதரின் பெயரில் காலுறை, சோப்பு, மீன், குளிர்ச்சட்டை எல்லாம் விற்றார்கள். ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. அங்கே வியட்நாம்காரர்கள் நிறையக் கடை போட்டிருந்தார்கள். அவர்களில் ஓர் அம்மாளிடம்தான் பனிக்காலக் காலணி வாங்கினேன். தி.நகரில் வாங்கிப் போட்டுப் போயிருந்த என் ஷூவைக் கழற்றச் சொல்லி, அடிப்பக்கத்தை விரலால் தட்டிப் பார்த்து, இல்லை இல்லை என்று தலையை ஆட்டினார். வேறொரு ஜோடியை எடுத்துவந்து, தரையில் குந்தி உட்கார்ந்து, என் பெருவிரல் எங்கே முடிகிறது என்று அழுத்திப் பார்த்தார். பேரம் முழுக்கக் கால்குலேட்டரில். அதற்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் உறை பழுப்பேறியிருந்தது. ஐந்தாம் எண் தேய்ந்து அழிந்திருந்தது. என்னிடம் முந்நூறு ஹிரிவ்னா குறைந்தது. பரவாயில்லை, அடுத்த முறை கொடு என்று கைகாட்டிவிட்டு, கூடவே ஒரு ஜோடிக் கம்பளிக் காலுறையையும் பைக்குள் போட்டார். அந்தப் பணத்தை நான் கொடுக்கவே இல்லை. அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. மார்ச் 17 அன்று குண்டு விழுந்து அந்தச் சந்தை பற்றி எரிந்ததைச் சாத்தூரில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தேன்.

இப்போது நான் ஜார்ஜியாவின் தலைநகர் திபிலீசியில் படிக்கிறேன். 2022 செப்டம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் உக்ரைன் மாணவர்களை வேறு நாட்டுக் கல்லூரியில் தொடர அனுமதித்தபோது இங்கே வந்தேன். மறுபடி ஒரு புது ஊர், மறுபடி சிம் கார்டு, மறுபடி முத்திரை. இங்கேயும் சோவியத் காலத்து மெட்ரோ. ருஸ்தாவேலி நிலையத்தின் நகரும் படிக்கட்டு இறங்கிக்கொண்டே இருக்கும். கீழே போகப் போகச் சுரங்கத்திலிருந்து ஒரு வெதுவெதுப்பான காற்று வரும், ரப்பரும் இரும்புத்தூளும் எண்ணெயும் கலந்த வாடையோடு. கார்கிவின் நௌகோவா நிலையத்திலும் இதே வாடைதான். முதல் நாள் அது மூக்கில் ஏறியதும் பாதிப் படிக்கட்டில் என் கை கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டது. பின்னால் நின்றவர்கள் ஒதுங்கி இறங்கிப் போனார்கள்.

அந்த 2022 பிப்ரவரியில் போர் வரும் என்று கார்கிவில் எல்லோருக்கும் தெரிந்துதான் இருந்தது, யாருமே நம்பவில்லை என்பதும் உண்மை. எல்லையில் படை குவிகிறது என்று உலகமே பேசியது. 15ஆம் தேதி இந்தியத் தூதரகம், தங்கியே தீர வேண்டிய தேவை இல்லாதவர்கள் தற்காலிகமாக வெளியேறலாம் என்று அறிவித்தது. எங்கள் கல்லூரியோ வகுப்பு நேரில்தான் நடக்கும், வருகைப்பதிவு குறைந்தால் பொறுப்பில்லை என்றது. விமானக் கட்டணம் நாளுக்கு நாள் ஏறியது. வாசல் பாட்டியிடம் கேட்டேன். அதற்குள் அரைகுறை ரஷ்ய மொழியில் நான் கொஞ்சம் பேசத் தொடங்கியிருந்தேன். “என் அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம் பெல்கோரத்தில் இருக்கிறாள். நாங்கள் எப்படிச் சண்டை போடுவோம்?” என்றார். கையிலிருந்த குறுக்கெழுத்துப் பென்சிலைச் சீவிக்கொண்டே சொன்னார்.

24ஆம் தேதி விடியற்காலை ஐந்து மணி. முதலில் சத்தம் கேட்கவில்லை. இரட்டைக் கண்ணாடி சன்னல் சட்டத்துக்குள் நடுங்கிய நடுக்கம்தான் எழுப்பியது. பிறகு சத்தம். பிறகு வரிசையாகச் சத்தம். வாசலில் உட்கார்ந்தே பார்த்திருந்த அந்தப் பாட்டி மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கதவையும் சாவிக்கொத்தால் தட்டினார். கேரளத்துப் பெண்கள், மொராக்கோப் பெண்கள், நாங்கள், எல்லோரும் அவர் பின்னால் நிலவறைக்கு ஓடினோம். ஒருத்தி காலில் செருப்பு இல்லை. ஒருத்தி கையில் குக்கர் மட்டும். நிலவறையில் குழாய்கள், உடைந்த கட்டில்கள், ஈரச் சிமெண்டு நாற்றம். பாட்டி எண்ணினார். யாரோ குறைந்தார்கள். மறுபடி மேலே போனார். குளியலறையில் பயந்து உட்கார்ந்திருந்த ஒரு பிள்ளையைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். அவர் வேலைநேரம் காலை எட்டு மணியோடு முடியும். அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை.

அப்பா போன் எடுத்தபோது பேருந்து இரைச்சல் கேட்டது. ஊரில் மணி எட்டரை தாண்டியிருந்தது. “தாயி, எங்க இருக்க?” என்றார். கீழே இருக்கிறேன் என்றேன். “கீழயே இரு. கீழயே இரு தாயி.” அதற்கு மேல் அவருக்குப் பேச வரவில்லை.

நிலவறை தாங்காது என்று யாரோ சொல்லி நௌகோவா நிலையத்துக்குப் போனோம். மெட்ரோ ஓடுவது நின்றிருந்தது. ரயில்களை நடைமேடையில் நிறுத்திக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தார்கள். வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் பெட்டிகளுக்குள், மற்றவர்கள் கல்தரையில். எத்தனை ராத்திரி என்று அப்போது எண்ணவில்லை, மேலே பகலா இரவா என்பதே தெரியாது. நினைவில் இருப்பது முகங்கள்தான். ஒருவர் தன் சட்டைக்குள் பூனையை வைத்துக்கொண்டு பொத்தானைத் திறந்து திறந்து அதற்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். ஒரு சிறுமி சுவரில் சாய்ந்து கணக்கு வீட்டுப்பாடம் எழுதினாள். அவள் அம்மா திருத்தினாள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம், அப்பா, அம்மா, வயதுவந்த மகள். நாங்கள் செய்தித்தாளை விரித்துப் படுத்ததைப் பார்த்து, தங்களிடமிருந்த இரண்டு மெத்தையில் ஒன்றை எங்கள் பக்கம் தள்ளினார்கள். வேண்டாம் என்றோம். அந்த அம்மாள் கோபமாக ஏதோ சொல்லி மெத்தையை மறுபடி தள்ளினார். என் அறைத்தோழி சைவம். அது தெரிந்ததும் உருளைக்கிழங்கிலிருந்து பன்றிக்கொழுப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்து, கரண்டியைத் துடைத்து, அவளுக்குத் தனியாக வைத்தார். மேலே ஒரு நகரத்தை இடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே ஒருவர், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் விரதத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

மார்ச் முதல் தேதி காலையில் சுதந்திரச் சதுக்கத்தில் மாகாண நிர்வாகக் கட்டடத்தின் மேல் ஏவுகணை விழுந்தது. கார்கிவ் போன முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நின்று படம் எடுத்துக்கொண்ட சதுக்கம் அது. அன்று முழுக்கத் திரும்பத் திரும்ப ஒரே செய்தி வந்தது. கர்நாடகத்திலிருந்து வந்து படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் மளிகை வாங்க வரிசையில் நின்றபோது குண்டில் இறந்துவிட்டார். நாங்களும் தினமும் அப்படித்தான் ரொட்டிக்கு வரிசையில் நின்றோம். சீனியர் அக்கா கைப்பேசியைக் கவிழ்த்துவைத்துவிட்டு, “பையை எடுங்க” என்றாள்.

விடுதிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டை எடுத்தோம். பாட்டி வாசலில் இருந்தார். அட்டைப்பெட்டி ஒன்றைக் கிழித்து, நாங்கள் மாணவர்கள் என்று தடித்த பேனாவால் பெரிய எழுத்தில் எழுதி, கம்பளி நூலால் அக்காவின் முதுகுப்பையில் கட்டினார். முடிச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். நீங்களும் வாருங்கள் என்றேன். “வாசலில் யார் இருப்பது?” என்றார். இன்னும் வெளியேறாத பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள்.

டாக்சி இல்லை, இருந்ததற்குக் கொடுக்கப் பணம் இல்லை, நடந்தோம். சுவரோரமாக, ஒருவர் பின் ஒருவராக, காலுக்கடியில் கண்ணாடி நொறுங்க, எங்கோ இரைச்சல் கேட்டால் குந்தி, இரைச்சல் நின்றால் எழுந்து, ஒரு சந்தில் எரியும் காரைத் தாண்டி, பாலத்தைக் குனிந்து கடந்து, அக்கா திரும்பிப் பார்க்காதே திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் ஒரு கட்டடத்தின் மேல்மாடி புகையாகி இறங்க, ஓடினோம், ஓடினோம், ரயில் நிலையத்தின் தூண் கண்ணுக்குத் தெரிகிற வரைக்கும் ஓடினோம்.

நிலையத்தில் நடந்ததை மறைக்கக் கூடாது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முதலிடம் என்றார்கள், சரி. ஆனால் சில பெட்டி வாசல்களில் எங்கள் நிறத்தைப் பார்த்தே கை நீண்டு தடுத்தது. என் முன்னால் நின்ற ஒரு நைஜீரியப் பெண்ணை ஒருவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார். அவள் கர்ப்பிணி. அதே வாசலில் உள்ளேயிருந்து வேறொரு பெண் குனிந்து அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். அடுத்து என்னை. இரண்டும் ஒரே ஊர், ஒரே நிமிடம். இரண்டையும்தான் சொல்வேன்.

என்னை இழுத்தவளுக்கு ஐந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தான். நான் மருத்துவ மாணவி என்று தெரிந்ததும் நடைமேடையில் நின்ற அவள் கணவன் சன்னலைத் தட்டினார். பதினெட்டிலிருந்து அறுபது வயதுக்குள் இருக்கிற ஆண்கள் நாட்டைவிட்டுப் போக முடியாது என்பது அப்போதைய விதி. அவர் ஏறவில்லை. பையனுக்கு ஆஸ்துமா. சன்னல் இடுக்கு வழியாக உறிஞ்சு மருந்தை என்னிடம் நீட்டி, இரண்டு விரலைக் காட்டினார், காலையில் இரண்டு, இரவில் இரண்டு. திணறினால் இன்னும் இரண்டு. எனக்குப் புரிந்ததா என்று திரும்பச் சொல்லவைத்தார். நான் முதலாண்டு. உடற்கூறியலில் தோள் எலும்பையே முடித்திருக்கவில்லை. தலையாட்டினேன். ரயில் நகர்ந்த பிறகும் அவர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே நடந்துவந்தார்.

மேற்கே லிவிவ் வரை ஆயிரம் கிலோமீட்டர். விளக்குகளை அணைத்துவிட்டார்கள், திரைகளை இழுத்துவிட்டார்கள், கைப்பேசி வெளிச்சம் கூடாது என்றார்கள். நாலு பேர் படுக்கிற அறையில் பத்துப் பன்னிரண்டு பேர். பையன் என் மடியில் தூங்கினான். அவன் தலையில் புகையும் புளித்த பாலும் மணத்தன. இருட்டில் அவன் மார்பில் காதை வைத்து வைத்துப் பார்த்தேன். நான் கவனித்துக் கேட்ட முதல் நோயாளியின் மூச்சு அதுதான். இன்று மருத்துவமனையில் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டும்போதெல்லாம் அந்தச் சீழ்க்கை ஒலியோடுதான் மற்றதை ஒப்பிடுகிறேன். லிவிவில் அவர்கள் போலந்துப் பக்கம் போனார்கள், நாங்கள் ஹங்கேரி எல்லைக்கு. சாஹோனி நிலையத்தில் இறங்கியதும் சூடான தேநீரை ஒரு தாத்தா கையில் கொடுத்தார். புடாபெஸ்ட், தில்லி, சென்னை. அவ்வளவுதான் அந்தப் பகுதி.

திபிலீசித் தெருக்களில் உக்ரைன் கொடிகள் தொங்குகின்றன. போர்ச்சேவைக்கு அழைக்கப்படுவதிலிருந்து தப்பி வந்த ரஷ்ய இளைஞர்களும் இதே தெருவில் வீடு பிடித்திருக்கிறார்கள். கார்கிவிலிருந்து வந்தவர்களும் இருக்கிறார்கள். கடையில் வரிசையில் நிற்கும்போது யார் வாயிலிருந்து ரஷ்யச் சொல் வந்தாலும் மற்றவர்கள் ஒரு கணம் அவர் முகத்தைப் படிக்கப் பார்ப்பார்கள். நானும் பார்க்கிறேன். என்ன தெரிந்துகொள்ளப் பார்க்கிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. அரசியல் பேசுகிறவர்கள் இந்தப் போரின் காரணங்களை என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்தது, பெல்கோரத்தில் இருக்கும் அக்காவும் கார்கிவில் இருக்கும் தங்கையும் இப்போது பேசிக்கொள்வதில்லை என்பதுதான்.

பாட்டி ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். விடுதி மூடிய பிறகு தன் வீட்டிலேயே இருக்கிறார், ஆறாவது மாடி. அவர் பேத்திக்கு வகுப்பு மெட்ரோ நிலையத்துக்குள் நடக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து கார்கிவில் அப்படித்தான், பிறகு தரைக்கடியில் தனிப் பள்ளிகளும் கட்டிவிட்டார்கள். அந்தத் தரை குளிராக இருக்குமே என்றேன். இப்போது கதகதப்பாக வைத்திருக்கிறார்கள் என்றார். சாப்பிட்டாயா, தொப்பி போட்டாயா, எத்தனை பாடம் பாக்கி என்று கேட்பார். எனக்கு இது நான்காம் ஆண்டு. சென்ற மாதம் எலும்பு முறிவு அறுவைச் சிகிச்சைப் பிரிவில் பயிற்சி. அதைச் சொன்னதும் தன் முழங்கால் எக்ஸ்ரேவை அனுப்பிவைத்தார். எங்கள் பேராசிரியரிடம் காட்டினேன். மூட்டுத் தேய்ந்துவிட்டது, படி ஏறி இறங்கக் கூடாது என்றார். அதை எப்படிச் சொல்வது? சைரன் ஒலித்தால் ஆறு மாடி இறங்க வேண்டும். மின்சாரம் இல்லாதபோது லிப்ட் கிடையாது.

சொன்னேன். நான் இறங்குவதை விட்டு வெகு நாளாயிற்று என்றார். நடைவழியில் இரண்டு சுவருக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாராம், சன்னல் இல்லாத இடம், அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். தரைத்தளத்தில் யார் வீட்டிலாவது இரவு படுத்துக்கொள்ளக் கேளுங்கள் பாட்டி என்றேன். பார்க்கலாம் என்றார். கேட்கமாட்டார், எனக்குத் தெரியும். அவருடைய மகளின் எண்ணை வாங்கி, எக்ஸ்ரேவையும் மருந்துச் சீட்டையும் அனுப்பி, கீழ்வீட்டுக்காரரிடம் நீங்களே பேசுங்கள் என்று சொல்லிவிட்டேன். புதன்கிழமை மறுபடி கூப்பிட்டுக் கேட்பேன் என்றும் சொல்லியிருக்கிறேன்.